‘தோட்டம்’ என்று பெயரிட்ட கோப்பு ஏன் காணாமல் போகிறது? தமிழ்ப் பெயர்களைக் கணினி படிக்கும் விதம்

சுங்கை புரோங் -

தோட்டத்தில் பிறந்து வளர்ந்த ஒருவர், வீட்டிலிருக்கும் பழைய ஆல்பத்தைப் பிரித்து, ஆலயத் திருவிழாப் படங்களை ஒவ்வொன்றாக ஸ்கேன் செய்கிறார் என்று வைத்துக்கொள்வோம். படத்தில் இருப்பவர்களின் பெயர், தோட்டத்தின் பெயர், ஆண்டு எல்லாவற்றையும் கோப்பின் பெயராகத் தமிழிலேயே தட்டச்சு செய்கிறார். இரண்டு வார உழைப்பு. பிறகு எல்லாவற்றையும் ஒரே ஸிப் கோப்பாகச் சுருட்டி, கிள்ளானில் இருக்கும் தம்பி முறை உறவினருக்குப் புலனத்தில் அனுப்புகிறார். அரை மணி நேரத்தில் பதில் வருகிறது: “அண்ணே, ஒன்னும் புரியல. பேரெல்லாம் கிரேக்க எழுத்து மாதிரி இருக்கு. பாதி படம் திறக்கவே மாட்டேங்குது.”

இந்த இடத்தில் பலரும் செய்வது ஒன்றுதான். தமிழ்ப் பெயர்களை அழித்துவிட்டு 1, 2, 3 என்று எண் போட்டு மீண்டும் அனுப்புவார்கள். படங்கள் போய்ச் சேரும். ஆனால் முன்வரிசையில் பால்குடம் ஏந்தி நிற்கும் பெண் யார், அந்தத் தோட்டம் எது, அது எந்த ஆண்டு என்பதெல்லாம் அந்த அழிப்போடு போய்விடும். ஆல்பத்தின் சொந்தக்காரர் இருக்கும்வரை கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். அவருக்குப் பிறகு?

வட சிலாங்கூரில் இது சிறிய கவலை அல்ல. ரப்பர் காலத்தில் நிறைந்திருந்த லயங்கள் பலவும் இன்று இல்லை. மக்கள் கிள்ளான், ஷா ஆலாம், ரவாங் என்று இடம் மாறிவிட்டார்கள். ஊர்களின் பெயர்களும் மாறுகின்றன. பத்தாங் பெர்ஜுந்தை 2007இல் பெஸ்தாரி ஜெயா ஆனது. தோட்ட வாழ்க்கையின் சான்றாகப் பல குடும்பங்களில் மிஞ்சியிருப்பது படங்களும், ஆலயக் கணக்குப் புத்தகங்களும், பள்ளிச் சான்றிதழ்களும்தான். அவை கணினிக்குள் போகும்போது அடையாளமாக ஒட்டிக்கொண்டு போவது கோப்பின் பெயர். அந்தப் பெயர் ஏன் உடைகிறது, உடையாமல் காப்பது எப்படி என்பதைத் தெரிந்துகொள்வது எல்லாருக்கும் பயன்படும்.

எழுத்து அல்ல, எண்

கணினிக்கு எந்த மொழியின் எழுத்தும் தெரியாது. ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண் கொடுத்து, அந்த எண்ணைத்தான் அது சேமிக்கிறது. 1963இல் அமெரிக்காவில் வெளியான ஆஸ்கி என்ற தரத்தில் இருந்தது 128 இடங்கள்தான். ஆங்கில எழுத்துகள், எண்கள், நிறுத்தக்குறிகள், சில கட்டளைக் குறிகள் ஆகியவற்றோடு அது நிறைந்துவிட்டது. இன்றைக்கும் உலகில் எந்தக் கணினியும் எந்த மென்பொருளும் தகராறு இல்லாமல் படிப்பது அந்த 128ஐத்தான். ரூமியில் எழுதும் மலாய்க்கும் அது போதும். அதனால் நம் நாட்டில் மலாய், ஆங்கிலக் கோப்புப் பெயர்களோடு மட்டும் புழங்குகிறவருக்கு இப்படி ஒரு சிக்கல் இருப்பதே தெரிவதில்லை.

தமிழுக்கு ஆரம்பத்தில் பொதுவான எண் வரிசை இல்லை. அதனால் ஆங்கில எழுத்துக்குரிய எண்ணின் மேல் தமிழ் வடிவத்தை வரைந்து எழுத்துருக்கள் செய்தார்கள். பாமினி எழுத்துருவில் ‘அம்மா’ என்று திரையில் தெரிந்தால், கணினிக்குள் இருப்பது எம், கே, அரைப்புள்ளி, மறுபடி கே, எச் என்ற ஐந்து ஆங்கிலக் குறிகள். அந்த எழுத்துரு இல்லாத இடத்தில் அது வெறும் ஆங்கிலக் குழப்பமாகத்தான் தெரியும். கோப்பின் பெயருக்கு நாம் விரும்பிய எழுத்துருவைத் தேர்ந்தெடுக்கவும் வழியில்லை. ஆகவே உள்ளே தமிழில் எழுதினாலும் வெளியே பெயரை ஆங்கிலத்தில் வைப்பதே அக்காலப் பழக்கம். டாஸ் காலத்தில் அதற்கும் எட்டு எழுத்துதான் அனுமதி. நீண்ட பெயர்கள் 1995இல் விண்டோஸ் 95 வந்த பிறகே பரவலாயின.

இந்தச் சிதறலை ஒழுங்குபடுத்தும் முயற்சியில் மலேசியாவுக்குச் சிறப்பான இடம் உண்டு. முத்து நெடுமாறன் உருவாக்கிய முரசு மென்பொருளும், பிறகு வந்த முரசு அஞ்சலும் நம் நாட்டுத் தமிழ்க் கணிமையின் அடித்தளம். 1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாடு தமிழ்99 விசைப்பலகையைத் தந்தது. டிஸ்கி என்ற தமிழ்க் குறியீடு இணையத்தில் உலகத் தமிழரை இணைத்தது. 2001இல் தமிழ் இணைய மாநாடு கோலாலம்பூரிலேயே நடந்தது. இறுதியில் எல்லா மொழிக்கும் பொதுவான யூனிகோட், அதாவது ஒருங்குறி, நிலைபெற்றது. 1991இல் வெளியான அதன் முதல் பதிப்பிலேயே தமிழுக்கு 128 இடங்கள் கொண்ட ஒரு பகுதி ஒதுக்கப்பட்டது. விண்டோஸ் 2000 ‘லதா’ எழுத்துருவுடன் வந்தபோது, சாதாரணக் கணினியிலும் கோப்புக்குத் தமிழிலேயே பெயர் வைக்க முடிந்தது.

பெயர் வைப்பது அன்றே முடிந்தது. அந்தப் பெயர் ஒரு கருவியிலிருந்து இன்னொரு கருவிக்குச் சேதமில்லாமல் போவதில்தான் இன்றும் சிக்கல்.

பெட்டியா, கிறுக்கலா, கேள்விக்குறியா?

தமிழ்ப் பெயர் சரியாகத் தெரியாதபோது பதறி அழிப்பதற்கு முன், திரையில் என்ன தெரிகிறது என்று பார்க்க வேண்டும். மூன்று வகை உண்டு. மூன்றும் மூன்று வேறு நோய்கள்.

முதலாவது, வெற்றுப் பெட்டிகள். காரில் தேவாரப் பாடல்களைப் பென் டிரைவில் போட்டுக் கேட்பவர்கள் இதைப் பார்த்திருப்பார்கள். பாட்டு ஓடும், பெயர் மட்டும் கட்டம் கட்டமாக இருக்கும். அந்தக் கருவியில் தமிழ் எழுத்துரு இல்லை என்பதே பொருள். பெயருக்கு எந்தச் சேதமும் இல்லை. அதே பென் டிரைவைக் கணினியில் செருகினால் பெயர் சரியாகத் தெரியும்.

இரண்டாவது, கிறுக்கல். யூனிகோட் எண்களைச் சேமிக்கப் பரவலாகப் பயன்படும் யூடிஎஃப்-8 முறையில், தமிழின் ஒவ்வொரு குறிக்கும் மூன்று பைட் தேவை. அந்த மூன்றையும் சேர்த்துப் படிக்காமல், தனித்தனி எழுத்தாக ஒரு மென்பொருள் படித்தால் கிறுக்கல் வரும். தமிழ்க் குறிகளின் முதல் இரண்டு பைட்டுகளும் பெரும்பாலும் ஒன்றாகவே இருப்பதால், கிறுக்கலுக்கும் ஓர் அடையாளம் உண்டு. தலைக்கோடு போட்ட சிறிய ஏ எழுத்தும், வணிகச் சின்னங்களில் காணும் வட்டத்துக்குள் இருக்கும் ஆர் எழுத்தும் திரும்பத் திரும்ப வந்தால் அது உடைந்த தமிழ். ஆல்பா என்ற கிரேக்க எழுத்தும் இரட்டை அம்பு முனைகளும் மாறி மாறி வந்தாலும் அது தமிழ்தான். டாஸ் காலத்து 437 என்ற எழுத்துப் பட்டியலைக் கொண்டு அதைப் படித்திருக்கிறார்கள். கிள்ளான் தம்பி சொன்ன ‘கிரேக்க எழுத்து’ இதுவே. எண்கள் அழியவில்லை, தவறாகப் படிக்கப்பட்டிருக்கின்றன. ஆகவே இதை மீட்க முடியும்.

மூன்றாவது, வரிசையாகக் கேள்விக்குறிகள். இது ஆபத்தானது. ஒரு மென்பொருள் தமிழ் எழுத்தைத் தன் பட்டியலில் தேடி, கிடைக்காமல், அதன் இடத்தில் கேள்விக்குறியை எழுதியிருக்கிறது. அப்படியே சேமித்துவிட்டால் மூல எழுத்து போய்விட்டது. எந்த மந்திரத்தாலும் அதைத் திரும்பப் பெற முடியாது. இதைக் கண்டால் சேமிக்காமல் வெளியேறி, மூலக் கோப்பைப் பாதுகாப்பதே முதல் வேலை.

இவை தவிர, இணையத்திலிருந்து இறக்கும்போது பெயர் முழுவதும் விழுக்காட்டுக் குறியும் எண்களுமாக இருப்பதுண்டு. இணைய முகவரியில் தமிழின் ஒவ்வொரு குறியும் ஒன்பது ஆங்கிலக் குறிகளாக விரியும். ‘சுங்கை புரோங்’ என்ற ஊர்ப் பெயர் மட்டும் 111 குறிகள் நீளமாகிவிடும். பார்க்கப் பயமாக இருந்தாலும் இதுவும் சேதம் அல்ல.

ஸிப் கோப்பில் நடப்பது என்ன?

ஸிப் முறை உருவான காலத்தில் கோப்புப் பெயர் என்றாலே அந்த 437 பட்டியல்தான். 2006இல்தான், ‘இந்தப் பெயர் யூடிஎஃப்-8இல் உள்ளது’ என்று சொல்லும் ஒரு குறியை ஸிப் தரத்தில் சேர்த்தார்கள். சுருட்டும் மென்பொருள் அந்தக் குறியைப் போட வேண்டும், விரிக்கும் மென்பொருள் அதைப் பார்க்க வேண்டும். இரண்டில் ஒன்று தவறினாலும் தமிழ் கிறுக்கலாகிவிடும்.

மீட்பது எளிது. ஸிப் கோப்பை அனுப்பியவர் மீண்டும் வேறொரு மென்பொருளில் சுருட்டி அனுப்பலாம். பெறுபவரும் வின்ரார் போன்ற மென்பொருளில் பெயரின் எழுத்துக் குறியீட்டை யூடிஎஃப்-8 என்று தேர்ந்தெடுத்து விரிக்கலாம். குறியீட்டை எண்ணாகக் கேட்கும் மென்பொருள்களில் 65001 என்று கொடுக்க வேண்டும். விண்டோஸில் யூடிஎஃப்-8க்கு உரிய எண் அது.

புலனத்தில் இன்னொரு விஷயமும் கவனிக்க வேண்டும். படத்தைப் ‘படமாக’ அனுப்பினால், பெறுபவரின் ஆண்ட்ராய்டு கைப்பேசியில் நாம் வைத்த பெயர் இருக்காது. அனுப்பிய தேதியும் வரிசை எண்ணும் கொண்ட புதுப்பெயர் வந்துவிடும், படத்தின் தரமும் குறையும். ‘ஆவணம்’ என்று தேர்ந்தெடுத்து அனுப்பினால் பெயரும் தரமும் அப்படியே போகும்.

கண்ணுக்கு ஒன்று, கணினிக்கு இரண்டு

இனி வருவது கண்ணுக்கே தெரியாத சிக்கல். ‘தோட்டம்’ என்ற சொல்லின் முதல் எழுத்தை எடுத்துக்கொள்வோம். ‘தோ’வில் தகரத்துக்கு முன்னால் இரட்டைக் கொம்பும் பின்னால் துணைக்காலும் இருக்கின்றன. யூனிகோடில் இதை இரண்டு விதமாக எழுதலாம். த என்ற எழுத்தோடு, ஓகாரத்துக்கென்று உள்ள ஒரே குறியைச் சேர்க்கலாம். அல்லது த, இரட்டைக் கொம்பு, துணைக்கால் என்று மூன்று குறிகளாக எழுதலாம். திரையில் இரண்டும் அச்சு அசலாக ஒன்றே. கணினிக்குள் இரண்டும் வேறு வேறு எண் வரிசைகள்.

‘ஒரு பொருளுக்கு இரண்டு எழுத்துமுறை’ என்ற இந்த நிலை தமிழில் நான்கு இடங்களில் வருகிறது: ஒகரக் குறி, ஓகாரக் குறி, ஔகாரக் குறி, ஔ என்ற உயிரெழுத்து. இவை இரண்டும் சமம் என்று யூனிகோட் தரமே சொல்கிறது. ஆனால் எல்லா மென்பொருளும் அதைக் கடைப்பிடிப்பதில்லை. ஆப்பிள் கணினிகளின் பழைய கோப்பு முறையான எச்எஃப்எஸ் பிளஸ், பெயர்களைப் பிரித்தே சேமித்தது. 2017இல் வந்த ஏபிஎஃப்எஸ் முறை, கொடுத்தபடியே சேமித்து, இரண்டையும் ஒரே பெயராகக் கருதுகிறது. விண்டோஸும் லினக்ஸும் பொதுவாக இரண்டையும் வேறு வேறு பெயராகவே எடுத்துக்கொள்கின்றன. பழைய எழுத்துருவிலிருந்து யூனிகோடுக்கு மாற்றித் தரும் சில மாற்றிகளும் கொம்பையும் காலையும் தனித்தனியே விட்டுவிடுகின்றன.

விளைவு என்ன? ஒரே கோப்புறையில் ‘தோட்டம்’ என்று இரண்டு கோப்புகள் இருக்கும். எது எதுவென்று புரியாமல் ஒன்றை அழிப்போம், அழிந்தது புதியதாக இருக்கும். அல்லது ‘தோட்டம்’ என்று தேடுவோம், கண்ணெதிரே இருக்கும் கோப்பு கிடைக்காது. தோட்டம், கோயில், கோல சிலாங்கூர், தஞ்சோங் காராங், போட்டோ என்று நம் மக்கள் அதிகம் எழுதும் பல சொற்களில் இந்த ஓகாரம் வருகிறது. சுங்கை புரோங்கின் பெயரிலேயே அது இருக்கிறது. சேர்த்து எழுதினால் அந்தப் பெயர் 37 பைட், பிரித்து எழுதினால் 40 பைட். மூன்று பைட் வித்தியாசத்தில் ஊர் இரண்டாகிவிடுகிறது.

சோதிக்க ஒரு வழி உண்டு. கோப்பின் பெயரை மாற்றும் நிலைக்குப் போய், ‘தோ’வுக்குப் பின்னால் சுட்டியை வைத்து, பின்னழிப்பு விசையை ஒருமுறை தட்ட வேண்டும். பெரும்பாலான செயலிகளில், ‘த’ மட்டும் மிஞ்சினால் அது சேர்த்து எழுதியது. ‘தே’ என்று நின்றால் பிரித்து எழுதியது. அந்த எழுத்தை மட்டும் மறுபடி தட்டச்சு செய்தால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

ஸ்ரீயும் கௌரியும்

ஓகாரத்திலாவது இரண்டும் சமம் என்று தரம் சொல்கிறது. ‘ஸ்ரீ’யில் அதுவும் இல்லை. ஆலயப் பெயர்கள் பலவும் இந்த எழுத்தில்தான் தொடங்குகின்றன. இதை ‘ஸ’விலிருந்தும் உருவாக்கலாம், ‘ஶ’ என்ற எழுத்திலிருந்தும் உருவாக்கலாம். ‘ஶ’ யூனிகோடில் சேர்ந்தது 2005இல். அதற்கு முன் எல்லாரும் ‘ஸ’வைத்தான் பயன்படுத்தினார்கள். பல எழுத்துருக்களில் இரண்டும் ஒரே வடிவம் காட்டும். ஆனால் ஒன்றைத் தேடினால் மற்றது கிடைக்காது.

‘கௌரி’, ‘சௌந்தரம்’ போன்ற பெயர்களில் தவறு நம் கையில் இருக்கிறது. ஔகாரக் குறிக்குப் பதிலாக ஒற்றைக் கொம்பும் ‘ள’ என்ற எழுத்தும் தட்டுவது பலருக்குப் பழக்கம். பார்வைக்கு ஒன்றுபோல் இருந்தாலும் கணினிக்கு அது ‘கெ-ள-ரி’. ஔவையாரும் இப்படித்தான் ‘ஒ-ள-வை’ ஆகிறார்.

ஊர்ப் பெயரில் உச்சரிப்புச் சிக்கலும் சேர்கிறது. மலாயில் ‘சுங்கை’ என்றால் ஆறு, ‘புரோங்’ என்றால் பறவை. 1972இல் மலாய் எழுத்துமுறை சீரமைக்கப்பட்ட பிறகு பறவையைக் குறிக்கும் சொல் ‘புருங்’ என்ற ஒலிக்கேற்ப எழுதப்படுகிறது. ஊர்ப் பெயரோ பழைய வடிவிலேயே நிற்கிறது. தமிழில் புரோங், பூரோங், புருங் என்று ஆளுக்கு ஒன்றாக எழுதினால், ஒரே ஊரின் படங்கள் மூன்று ஊர்களாகப் பிரிந்துவிடும். ஒரு குழு சேர்ந்து வேலை செய்யும்போது, எழுத்துமுறையை முதலிலேயே முடிவு செய்து ஒரு தாளில் எழுதி வைப்பது பின்னால் பல நாள் வேலையை மிச்சப்படுத்தும்.

நீளமும் சாய்கோடும்

தமிழ்ப் பெயர் ஆங்கிலப் பெயரைவிட விரைவில் இடத்தை நிரப்பிவிடும். லினக்ஸ் அடிப்படையில் இயங்கும் சேமிப்புக் கருவிகள் பலவற்றில் ஒரு கோப்புப் பெயருக்கு 255 பைட்தான் எல்லை. ஆங்கிலத்துக்கு அது 255 எழுத்து. தமிழுக்கு 85 குறிகள்தான், அதிலும் மெய்யெழுத்துக்கும், அகரம் ஒழிந்த உயிர்மெய்க்கும் இரண்டு குறிகள் போய்விடும். ‘ஸ்ரீ மகா மாரியம்மன் ஆலயத் திருவிழா பால்குட ஊர்வலம்’ என்பதில் நாம் எண்ணுவது 27 எழுத்துகள். கணினி எண்ணுவது 138 பைட். ஆண்டும் ஆட்களின் பெயரும் சேர்த்தால் எல்லையைத் தாண்டிவிடும். விண்டோஸில் கணக்கு வேறு, ஒரு பெயருக்கு 255 குறிகள் வரை இடம் உண்டு. ஆனால் கோப்புறைக்குள் கோப்புறை வைத்துக்கொண்டே போனால், முழுப் பாதையும் சேர்ந்து 260ஐத் தாண்டும்போது பல மென்பொருள்கள் மறுத்துவிடும். கணினியில் நன்றாக இருந்த கோப்பு வேறொரு கருவிக்கு நகலாக மறுப்பதற்கு இவையே பெரும்பாலும் காரணம்.

மலேசியத் தமிழர்களுக்கென்றே இன்னொரு சிக்கலும் இருக்கிறது. அடையாளக் கார்டில் நம் பெயருக்கும் தந்தை பெயருக்கும் இடையில் வரும் ஏ/எல், ஏ/பி என்ற குறிப்பு. அந்தச் சாய்கோடு கோப்புப் பெயரில் வரக்கூடாது. கணினிக்குச் சாய்கோடு என்றால் ‘இதற்குள் இருக்கும் கோப்புறை’ என்று பொருள். விண்டோஸ் அதை ஏற்காது. ஆப்பிள் கணினி ஏற்றுக்கொண்டு, உள்ளே முக்காற்புள்ளியாக மாற்றி வைத்துக்கொள்ளும். அந்த முக்காற்புள்ளியையும் விண்டோஸ் ஏற்காது. தமிழில் எழுதும் ‘த/பெ’வுக்கும் இதே கதிதான். 14/4/1978 என்ற தேதிக்கும் அப்படியே. சாய்கோட்டை எடுத்துவிட்டு ஏஎல், ஏபி என்று சேர்த்தோ, சிறுகோடு இட்டோ எழுதுவதே வழி.

சீனருக்கு உண்டு, தமிழருக்கு இல்லை

பக்கத்து சிக்கிஞ்சானில் சீன மொழியில் கோப்புக்குப் பெயர் வைக்கிறவர்களுக்கும் இந்தத் தொல்லைகளில் பலவும் உண்டு. ஆனால் ஒரு வேறுபாடு இருக்கிறது. யூனிகோட் தெரியாத பழைய மென்பொருள்களுக்காக, விண்டோஸில் பல மொழிகளுக்குத் தனிப் பட்டியல்கள் உள்ளன. எளிய சீனத்துக்கு 936, மரபுச் சீனத்துக்கு 950. கணினியின் அமைப்பைச் சீனத்துக்கு மாற்றினால் பழைய மென்பொருளும் சீனப் பெயர்களைப் படித்துவிடும். தமிழுக்கு அப்படி ஒரு பட்டியலே கிடையாது. விண்டோஸில் தமிழ் வந்ததே யூனிகோட் வழியாக மட்டும்தான்.

அதனால் பழைய கணக்கு மென்பொருள், பழைய ஸ்கேனருடன் வந்த மென்பொருள் போன்றவை தமிழ்ப் பெயரைக் கண்டதும் கேள்விக்குறியாக மாற்றி, ‘கோப்பு இல்லை’ என்று சொல்லிவிடும். கேள்விக்குறி விண்டோஸ் கோப்புப் பெயரில் அனுமதியே இல்லாத ஒன்பது குறிகளில் ஒன்று. பிறகு எப்படிக் கோப்பு கிடைக்கும்? பழைய மென்பொருள்களுக்கும் யூடிஎஃப்-8ஐயே கொடுக்கும் வசதி 2018இல் விண்டோஸ் 10இல் சோதனை வடிவில் சேர்ந்தது. அதை இயக்கினால் வேறு சில பழைய மென்பொருள்கள் தடுமாறலாம் என்பதால், தெரிந்தவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்வது நல்லது.

பெரிய தொகுப்புகள் என்ன செய்கின்றன?

ஆயிரக்கணக்கான தமிழ்க் கோப்புகளைக் காக்கிறவர்கள் இதை எப்படிச் சமாளிக்கிறார்கள் என்று பார்த்தால் ஒரு தெளிவு கிடைக்கும். 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம், பழந்தமிழ் நூல்களை மின்வடிவில் இலவசமாகத் தருகிறது. அதன் கோப்புகளுக்குத் தமிழ்ப் பெயர் இல்லை. சில ஆங்கில எழுத்துகளும் வரிசை எண்ணும்தான். திருக்குறள் 0001. நூலின் பெயர், ஆசிரியர் பெயர் எல்லாம் பட்டியலில் இருக்கும். ஈழத்து ஆவணங்களைக் காக்கும் நூலகம் திட்டமும் ஒவ்வோர் ஆவணத்துக்கும் ஓர் எண் கொடுத்து, விவரங்களைத் தமிழில் தனியே வைக்கிறது.

விக்கிமீடியா வேறு வழியில் போகிறது. அங்கே படத்துக்குத் தமிழிலேயே பெயர் வைக்கலாம். ஆனால் உள்ளே வரும் எல்லாப் பெயர்களையும், ஓகாரம் பிரிந்து வந்தாலும் சேர்ந்து வந்தாலும், ஒரே வடிவத்துக்கு மாற்றியே அந்த அமைப்பு சேமிக்கிறது. நமது கணினியும் கைப்பேசியும் காரும் அச்சுக்கடை இயந்திரமும் அப்படி ஒன்றுபட்டு வேலை செய்வதில்லை. ஆகவே வீட்டளவில், ஆலய அளவில் செய்பவர்களுக்கு முதல் வழியே பாதுகாப்பானது.

வீட்டிலும் ஆலயத்திலும் செய்ய வேண்டியவை

• கோப்பின் பெயரைக் குறுகலாக, எண்ணும் ரூமி எழுத்தும் மட்டும் கொண்டு வைக்கலாம். ஆண்டு முதலில், பிறகு மாதம், நாள், வரிசை எண் என்று ‘1978-04-14_013’ போல எழுதினால் எல்லாக் கருவியிலும் கால வரிசையில் நிற்கும். தேதி தெரியாவிட்டால் ஆண்டும் வரிசை எண்ணும் போதும். தமிழ்ப் பெயரை மட்டும் நம்பினால் வரிசையும் குழம்பலாம். யூனிகோடில் ‘ன’ எழுத்து ‘ந’வை அடுத்து நிற்பதால், சில மென்பொருள்கள் நம் அகரவரிசைப்படி அடுக்குவதில்லை.

• படத்தில் இருப்பவர்கள், இடம், நிகழ்ச்சி, படத்தைத் தந்தவர் ஆகிய விவரங்களைத் தமிழில் ஓர் எக்செல் பட்டியலில், அதே எண்ணுக்கு நேராக எழுத வேண்டும். வேலையின் உயிரே இந்தப் பட்டியல்தான்.

• அந்தப் பட்டியலை எக்செல் வடிவிலேயே சேமிக்க வேண்டும். சாதாரண சிஎஸ்வி வடிவில் சேமித்தால் தமிழ் முழுவதும் கேள்விக்குறியாகி, மீட்க முடியாமல் போகலாம். சிஎஸ்வி கட்டாயம் தேவை என்றால், பட்டியலில் ‘சிஎஸ்வி யூடிஎஃப்-8’ என்றிருப்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

• பட்டியலைப் படங்கள் இருக்கும் அதே கோப்புறையில் வைக்க வேண்டும். ஒரு பிரதியைத் தாளில் அச்சிட்டும் வைக்கலாம். தாள் எந்தக் குறியீட்டையும் கேட்காது.

• ஏற்கெனவே தமிழில் பெயர் வைத்த கோப்புகள் இருந்தால், அந்தப் பெயர்களைப் பட்டியலுக்குப் படியெடுத்து முடிக்கும்வரை ஒன்றையும் மாற்றக்கூடாது. கிறுக்கலாகத் தெரியும் பெயரையும் அழிக்கக்கூடாது. அதற்குள் தமிழ் இன்னும் இருக்கிறது.

• அனுப்பும் முன், இரண்டு மூன்று கோப்புகளை மட்டும் ஸிப் செய்து அனுப்பி, மறுமுனையில் சரியாகத் திறக்கிறதா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். மூலக் கோப்புகள் குறைந்தது இரண்டு வேறு இடங்களில் இருக்க வேண்டும்.

தமிழில் பெயர் வைக்கக்கூடாது என்பது இதன் பொருள் அல்ல. ஒரே கணினியில் எழுதி ஒரே கணினியில் வைத்துக்கொள்ளும் கோப்புக்குத் தமிழ்ப் பெயர் இன்று எந்தத் தடையும் இல்லாமல் வேலை செய்கிறது. பல கைகள் மாறி, பல கருவிகள் மாறி, இருபது ஆண்டு கழித்தும் திறக்க வேண்டிய கோப்புக்குத்தான் இந்த முன்னெச்சரிக்கை. அங்கே தமிழின் இடம் கோப்பின் நெற்றியில் அல்ல, பட்டியலின் உள்ளே.

பிள்ளைகளுக்கு இது இரண்டு நாள் விடுமுறை வேலை. பாட்டியோ தாத்தாவோ பக்கத்தில் உட்கார்ந்து, “இது யாரு, இது எந்த லயம்” என்று சொல்லச் சொல்ல, பேரப்பிள்ளை எண்ணுக்கு நேராகத் தட்டச்சு செய்தால் போதும். எண்ணைக் கணினி பார்த்துக்கொள்ளும். பெயரைச் சொல்லக்கூடியவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதிக்கொள்வதுதான் அவசரம்.